எனக்குக் கிடைத்த மருந்து மதினிக்குக் கிடைக்கவில்லை

கொரோனா ஓய்ந்து, ஊர் பழையபடி ஆகிவிட்டது என்று எல்லோரும் பேச ஆரம்பித்திருந்த சமயம் அது. சாயல்குடியிலிருந்து மாரியூர்ப் பக்கம் போனால் கடலோரமாகச் சின்னச் சின்ன ஊர்கள் வரும். அதில் ஒன்று எங்களுடையது. ஆண்கள் மீன்பிடிக்கப் போவார்கள். பெண்கள் நாங்கள் பாசி எடுக்கப் போவோம். கடலுக்கு அடியில் பாறைகளில் ஒட்டி வளரும் பாசியை மூச்சடக்கி முங்கிப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வருவோம். காய வைத்துக் கொடுத்தால் கம்பெனிக்காரர்கள் வாங்கிப் போவார்கள். ஐஸ்கிரீமிலிருந்து மாத்திரை வரைக்கும் அதைச் சேர்க்கிறார்களாம்.

நானும் என் மதினியும், அதாவது என் அண்ணன் மனைவியும், ஜோடியாகத்தான் முங்குவோம். ஒருத்தி கீழே போனால் இன்னொருத்தி மேலே நின்று பார்த்துக்கொள்வாள். மதினி என்று கூப்பிட்டாலும் எனக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான். வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். அவள் கமுதிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் கடலைப் பார்த்தாலே பயப்படுவாள். பிறகு எங்கள் ஊரிலேயே அவளைப்போல மூச்சுப் பிடிக்க ஆளில்லை என்று ஆகிவிட்டது.

அன்றைக்குக் கடல் தெளிவாகத்தான் இருந்தது. செருப்புப் போட்டு அதன்மேல் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தேன். அப்படிக் கட்டாவிட்டால் பவளப்பாறை காலைப் பதம் பார்த்துவிடும். நீரோட்டம் ஒரு இழுப்பு இழுத்ததில் என் வலது கால் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. உருவி எடுத்தபோது செருப்போடு சேர்த்து, சுண்டுவிரலுக்குக் கீழே ஆழமாகக் கிழிந்துவிட்டது. மதினிதான் என்னை வள்ளத்தில் ஏற்றி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கட்டுப் போட்டாள். இப்படிக் கிழிவது எங்களுக்குப் புதிதில்லை. என் கால்களில் தழும்பு இல்லாத இடம் குறைவு.

வழக்கம்போல மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கினோம். காய்ச்சலுக்கு, வீக்கத்துக்கு, சீழ் பிடிக்காமல் இருப்பதற்கு என்று கலர் கலராகக் கவரில் போட்டுக் கொடுப்பார் கடைக்காரர். டாக்டர் சீட்டு என்று ஒன்றை அவர் எங்களிடம் கேட்டதே இல்லை. எனக்கு மட்டுமில்லை, ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால்கூட அதே கடை, அதே கவர்.

இந்த முறை வலி குறையவில்லை. கால் புசுபுசுவென்று வீங்கிக் கறுத்தது. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காயத்தைச் சுத்தம் செய்து ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. ஊசியை மாற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை. நாளாக ஆக என் காலிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குத் தெரியும். மீன் வாடையிலும் பாசி வாடையிலும் பிறந்து வளர்ந்தவள் நான். என் காலின் வாடையை என்னாலேயே தாங்க முடியவில்லை. கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே நடந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

காலைப் பார்த்த பெரிய டாக்டர், என் வீட்டுக்காரரையும் அண்ணனையும் வாசல் பக்கம் கூப்பிட்டுப் பேசினார். கிருமி எலும்பு வரைக்கும் போய்விட்டது, எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். கதவு திறந்தே இருந்தது. நான் படுத்திருந்தது அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் மாட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். அண்ணன் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை.

“எங்கால வெட்டுறதுக்கு அவுககிட்ட எதுக்குக் கேக்குறீக? நான் இங்கன தான படுத்திருக்கேன். எங்கிட்டக் கேளுங்க.”

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த டாக்டர் மோசமானவர் இல்லை. உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்கும் அதையே பொறுமையாகச் சொன்னார். காலா உயிரா என்று வந்தால் உயிர்தானே முக்கியம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் கூட நின்ற சின்ன டாக்டர் ஒருவர், “கண்ட மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டா இப்படித்தான் ஆகும்” என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார். கண்ட மாத்திரையையும் நானா செய்தேன்? எங்கள் ஊரிலிருந்து டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைய வேலையை விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போக வேண்டும். மருந்துக்கடைதான் பக்கத்தில் இருந்தது. இல்லாத டாக்டரிடம் போகவில்லை என்று என்னைத் திட்டினால் நான் என்ன சொல்வது?

அன்றைக்கு என் காயத்திலிருந்து மறுபடியும் சீழ் எடுத்துப் பரிசோதிக்க ஒரு பெண் டாக்டர் வந்தார். கிருமிகளைப் பரிசோதிக்கும் லேபில் வேலை. முப்பது வயதுகூட இருக்காது. நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வேலையை முடித்த பிறகும் நின்றார். என் வீட்டுக்காரரையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் நிச்சயமாக நடக்கும் என்று சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்தார்.

“கிருமியப் பிடிக்கிற வைரஸ் இருக்குக்கா. அது மனுசங்களை ஒண்ணும் செய்யாது. கிருமிக்குள்ள பூந்து, உள்ளயே பெருகி, அதை வெடிக்க வச்சிரும்.”

என் வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போய்விட்டார். “வைரஸா? இப்பத்தானம்மா ஒரு வைரஸ்ல இருந்து தப்பிச்சு வந்திருக்கோம்” என்றார்.

அந்த டாக்டர் சிரிக்கவில்லை. மெதுவாகப் புரிய வைத்தார். எல்லா வைரஸும் மனிதனுக்கு வருவதில்லையாம். கிருமிக்கென்றே பிறந்த வைரஸ்கள் ஆற்றில், கடலில், சாக்கடையில் என்று எங்கே கிருமி இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கின்றனவாம். ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கென்று உள்ள வைரஸைத் தேடிப் பிடிக்க வேண்டுமாம். ஒருவர் காலில் இருக்கும் கிருமியைக் கொல்வது இன்னொருவர் காலில் இருப்பதைக் கொல்லாமல் போகலாமாம். வேறு மாநிலத்தில் ஒரு ஆய்வகத்தில் இப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அங்கே உங்கள் கிருமியை அனுப்பிப் பொருந்துகிறதா என்று பார்க்கலாம் என்றார். இது புதிதாகக் கண்டுபிடித்ததா என்று கேட்டேன். இல்லை, நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்தது; கிருமியைக் கொல்கிற மாத்திரைகள் வந்த பிறகு பெரும்பாலான நாடுகள் இதை மறந்துவிட்டன; ஜார்ஜியா போன்ற ஒருசில நாடுகளில் மட்டும் விடாமல் செய்து வருகிறார்கள் என்றார்.

நூறு வருடமாகத் தெரிந்த ஒன்று. அது இருப்பதாக என் காலை வெட்டச் சொன்னவர் என்னிடம் சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் யாரும் சொல்லவில்லை. சீழ் எடுக்க வந்த டாக்டர் ஒருவர் மனம் கேட்காமல் நின்று சொன்னதால் தெரிந்தது.

என் கிருமி ஏன் மருந்துக்குக் கேட்கவில்லை என்றும் அவரிடம் கேட்டேன். உங்கள் தப்பு மட்டும் இல்லை என்றார். சீட்டில்லாமல் கொடுக்கிற கடை, சளிக்கெல்லாம் எழுதித் தருகிற டாக்டர், இறால் பண்ணையிலும் கோழிப் பண்ணையிலும் தீவனத்தோடு கலந்து போடுகிற மருந்து, ஆஸ்பத்திரிகளிலிருந்து வெளியே ஓடுகிற தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் கிருமிகளை இப்படிப் பழக்கிவிட்டன என்றார். எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது. அத்தனை பேரும் சேர்ந்து செய்ததற்கு, வெட்டப் போவது என் கால்.

அந்த டாக்டர் பெரிய டாக்டரிடம் போய்ப் பேசினார். அவரும் யோசித்து ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாகத் தெரிந்தால் அப்புறம் யாரையும் கேட்க மாட்டேன், காலை எடுத்துவிடுவேன் என்றார். சரி என்றேன். ஆஸ்பத்திரிக் குழு கூடிப் பேசியது, அனுமதிக்காக எங்கெங்கோ எழுதினார்கள். இந்த முறை கையெழுத்தை நான்தான் போட்டேன்.

என் நல்ல நேரம், பொருந்திவிட்டது. ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பிய சின்னக் குப்பிகளில், பார்ப்பதற்கு வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. சுண்டுவிரலை எடுத்துவிட்டு, எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காயத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள். அது வழியாகத் தினமும் அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார் அந்தப் பெண் டாக்டர். கூடவே, முன்னால் கேட்காமல் போன ஊசி ஒன்றையும் போட்டார்கள். முதலில் குளிர் காய்ச்சல் வந்து உடம்பைத் தூக்கிப் போட்டது. வைரஸைக் குடுத்துக் கொல்லுறாகளே என்று என் வீட்டுக்காரர் வராண்டாவில் நின்று அழுததாக மதினி அப்புறம் சொன்னாள். மதினி அந்த நாட்களில் வீட்டுக்கும் போகவில்லை, கடலுக்கும் போகவில்லை. என் தலைமாட்டிலேயே கிடந்தாள்.

முதலில் மாறியது வாடைதான். ஒருநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது நர்ஸ் மூக்கைப் பொத்தவில்லை. நானும் மதினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் குனிந்து என் காலுக்குப் பக்கத்தில் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே வரல” என்றாள். அப்புறம் மெல்ல மெல்லச் சிவப்பாக நல்ல சதை வளர்ந்தது. காய்ச்சல் விட்டது. இரண்டு காலில் நடந்து ஊருக்குத் திரும்பினேன்.

வந்ததும் நான் முதலில் போனது அந்த மருந்துக்கடைக்கு. நடந்ததையெல்லாம் சொன்னேன். இனிமேல் யாருக்கும் சீட்டில்லாமல் அந்த மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் பில் போட்டுக்கொண்டே, “நான் குடுக்கலன்னா அடுத்த கடையில வாங்குவீக” என்றார். என் காலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் நின்றுகொண்டிருக்கும்போதே பின்னால் வந்த ஒரு அம்மாவுக்கு அதே கலர் மாத்திரையை எடுத்துக் கவரில் போட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

அடுத்த வருடம், பாசி மூட்டையோடு வள்ளத்திலிருந்து இறங்கும்போது மதினி வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ராமநாதபுரத்தில் வேறொரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் தையல் போட்ட இடம் ஆறவில்லை. நீர் கசிந்தது, சீழ் வைத்தது, காய்ச்சல் வந்தது. ஊசி மாற்றி ஊசி போட்டார்கள். ஒருநாள் அண்ணன் போன் செய்து, எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமியாம் என்றார். எனக்கு நடந்ததேதான். அதே வார்த்தை.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் வரவில்லை. மருந்துதான் இருக்கிறதே! நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பயப்படாத மதினி. எனக்குக் குடுத்த மருந்த ஒனக்கும் வாங்கிருவோம்” என்றேன். அவள் என் காலைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த நம்பிக்கையை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

அங்கிருந்த டாக்டரிடம் போய் வைரஸ் மருந்தைப் பற்றிச் சொன்னேன். யூடியூபில் பார்த்தீர்களா என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக் கழற்றி, அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் என் காலைத் தூக்கி வைத்தேன். “இந்தா பாருங்க சார். இத முழங்காலோட வெட்டணும்னு சொன்னாக” என்றேன். அவர் தழும்பைப் பார்த்தார். ஆச்சரியமாகத்தான் பார்த்தார். பிறகு, நம் நாட்டில் அது முறையாக அனுமதிக்கப்பட்ட மருந்து இல்லை, எங்களுக்கு அதில் அனுபவமில்லை, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார். இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கடலில் இறங்குகிறவர்களுக்கு வருவதுதான் என்றார். மதினிக்குக் கால் முறிந்ததே தவிர, தோலில் ஒரு கீறல் கிடையாது. கத்தி பட்டது அவர்களுடைய ஆபரேஷன் தியேட்டரில்தான். அதைச் சொன்னதும் அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் மதுரையில் இல்லை. ஒப்பந்தம் முடிந்து வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாராம். இருந்தாலும் என் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். எப்படியாவது மதினியின் சீழை வாங்கி அந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார். அதை வாங்குவதற்கே அண்ணன் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அனுப்பினோம். அவர்களிடம் இருந்த எதுவும் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியதும் அவளுக்குப் பொருந்தவில்லை.

அந்தப் பெண் டாக்டர் மறுபடி போனில் கூப்பிட்டார். புதிதாகத் தேட வேண்டும், அந்தக் கிருமி எங்கே அதிகமாக இருக்கிறதோ அந்த இடத்துத் தண்ணீரில்தான் அதைக் கொல்கிற வைரஸும் இருக்கும், மதினி இருக்கிற ஆஸ்பத்திரியின் கழிவுநீர் கிடைத்தால் நல்லது என்றார். எப்படி மூடி, எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்றும், கையுறை போடாமல் தொடக்கூடாது என்றும் சொல்லிக் கொடுத்தார்.

நான் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், கருவேல மரங்களுக்கு நடுவில் ஒரு திறந்த வாய்க்கால். கறுப்பாக, நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சும் குழாய்த் துண்டும் மிதந்தன. பாட்டிலைத் திறந்துகொண்டு குனியும்போது வாட்ச்மேன் பார்த்துவிட்டார்.

“சாக்கடைத் தண்ணியப் புடிச்சு என்னம்மா செய்யப் போறீக?”

“மருந்துக்குத்தான்” என்றேன்.

அவர் என்னைப் புத்தி சரியில்லாதவள் என்று நினைத்திருக்க வேண்டும். மேனேஜர் பார்த்தால் என் வேலை போய்விடும், போய்விடு என்று விரட்டினார். சாலைக்குப் போவதுபோலப் போய், முள்ளுக்குள் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தேன். சேலையெல்லாம் கிழிந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து பாட்டில்களை நிரப்பும்போது எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை இல்லை. மதினியின் காலைத் தின்கிற கிருமி இந்த வாய்க்காலில்தான் வளர்கிறது. அதைக் கொல்கிற மருந்தும் இதே வாய்க்காலில்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள், கடலிலிருந்து வந்தது, மருந்து கிடையாது என்கிறார்கள். வாய்க்கால் போய்ச் சேருகிற இடத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? அங்கே முங்கப் போவது நாங்கள்தானே.

கிடைத்துவிட்டது. ஆம், கிடைத்துவிட்டது. டாக்டர் போனில் அதை இரண்டு தடவை சொன்னார். மதினியின் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அந்தத் தண்ணீரிலிருந்து பிரித்த வைரஸை விட்டுப் பார்த்தார்களாம். விட்ட இடத்தில் கிருமி துடைத்து வைத்ததுபோல அழிந்துவிட்டதாம். இனி அதைச் சுத்தம் செய்து குப்பியில் அடைக்க வேண்டும். அதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்றார். நான் போனை வைத்துவிட்டு மதினியைக் கட்டிக்கொண்டேன். அவள் சிரித்தாள். அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள்.

அனுமதி என்ற அந்த ஒரு வார்த்தை எங்களைச் சாகடித்துவிட்டது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அதற்கான குழுவே கிடையாது என்றார்கள். சென்னையில் கேளுங்கள் என்றார்கள். சென்னையில் ஒரு அலுவலகத்தில், டெல்லிக்கு ஆஸ்பத்திரிதான் எழுத வேண்டும், நோயாளியின் ஆட்கள் எழுதினால் எடுக்க மாட்டோம் என்றார்கள். எனக்கு வைத்தியம் பார்த்த மதுரை ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். அந்தப் பெரிய டாக்டர் வெளிநாட்டுக்குப் போயிருந்தார். அங்கே இருந்தவர்கள், அதெல்லாம் அந்த மேடம் ஆர்வத்தில் செய்தது, அவர் போனதோடு நிறுத்திவிட்டோம் என்றார்கள். இதே கட்டடத்தில்தானே எனக்குச் செய்தீர்கள் என்று கேட்டேன். உங்களுக்கு நல்லதாக முடிந்துவிட்டது, விட்டுவிடுங்கள் என்றார் ஒருவர். விட்டுவிடுவதாம்!

ஒருவர்கூட முடியாது என்று நேராகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முடியாது என்றால் அவர் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். எல்லோரும் மரியாதையாக உட்கார வைத்து, பாவம் என்று சொல்லி, அடுத்த வாசலைக் காட்டினார்கள். அண்ணன் பஸ்ஸிலேயே குடியிருந்தார்.

நாங்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது மதினிக்கு ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது. நினைவு தப்பியது. இனிக் காத்திருந்தால் ஆளே மிஞ்ச மாட்டாள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அந்தப் பெண் டாக்டரிடம் போனில் கேட்டேன். அவரும், எடுக்கச் சொல்லுங்கள் அக்கா, இப்போது அதுதான் சரி என்றார். தொடையோடு எடுத்தார்கள். அவள் கண் விழித்து, போர்வைக்கு மேல் கையால் தடவிப் பார்த்து, கால் முடிகிற இடத்தில் கை நின்றபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மருந்தைக் குப்பியில் அடைத்துவிட்டோம் என்று ஆய்வகத்திலிருந்து சொன்னது அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு மதினி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். “ஒனக்குக் கெடச்சது எனக்கு ஏன் கெடைக்கல?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோலக் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? எனக்குச் சீழ் எடுக்க வந்த டாக்டர் நல்லவர், உனக்கு வந்தவர் ஊசியை மட்டும் பார்த்தார் என்றா? அதற்கப்புறம் அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் தினமும் போவேன். சோறு வைப்பேன், துணி துவைப்பேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். என் கால் சத்தம் கேட்பதே அவளுக்கு வேதனை என்று எனக்குத் தெரியும்.

சில மாதம் கழித்து, எப்படியோ கேள்விப்பட்டு ஒரு பத்திரிகைக்காரர் என்னைத் தேடி வந்தார். வைரஸால் கால் பிழைத்த பாசிக்காரப் பெண் என்று எழுதப் போகிறேன் என்றார். கடற்கரையில் நிற்க வைத்து, மணலில் என் காலை மட்டும் பல விதமாகப் படம் எடுத்தார். முடிந்ததும், இன்னொருவரையும் பார்க்க வேண்டும் வாருங்கள் என்று மதினி வீட்டுக்கு அழைத்துப்போனேன். வழியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வாசலுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். அது வேறு கதை அக்கா, இது நல்லபடியாகவே இருக்கட்டும், படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டு பேர் காலையும் போடுங்க. இல்லையா, எம் படத்தையும் அழிச்சிட்டுப் போங்க” என்றேன்.

அவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக என் முன்னாலேயே அழிக்க வைத்துவிட்டுத்தான் அனுப்பினேன். தெருவில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். நல்ல வாய்ப்பு, கெடுத்துக்கொண்டாள் என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. அவர் பைக்கில் போன பிறகும் வெயிலில் அங்கேயே நின்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து மதினியின் குரல் கேட்டது. “வெயில்ல எதுக்கு நிக்கிற? உள்ள வா.”

அவ்வளவுதான் சொன்னாள். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. இப்போது நான் எடுத்து வரும் பாசியை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கல், சிப்பி நீக்கிக் கொடுக்கிறாள். முங்குவதற்கு மட்டும் நான் வேறு ஒருத்தியோடு போகிறேன்.

எங்களுக்காக அவ்வளவு பாடுபட்ட அந்த டாக்டர் அவ்வப்போது போன் செய்வார். மெல்ல மெல்ல வழி பிறக்கும் அக்கா, பல இடங்களில் ஆராய்ச்சி நடக்கிறது என்பார். நடக்கட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் காலைப் பார்க்கிறவர்களெல்லாம், உனக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லும்போது எனக்கு அவர்கள்மேலேயே எரிச்சல் வருகிறது. யார் டியூட்டியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒருத்திக்குக் கால் இருக்கும், ஒருத்திக்குப் போகும் என்றால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா? தண்ணீரில் இறங்கும்போதெல்லாம், பிழைத்த என் காலுக்காக நன்றி சொல்ல நினைப்பதற்கு முன்னாலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் மருந்து இருந்தும் போய்விட்ட மதினியின் காலுக்காகக் கோபம்தான் பொங்கி வருகிறது. அந்தக் கோபம் ஆறிப் போய்விடக் கூடாது என்றுதான் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.